தமுக்கத்து ராட்டினங்கள்: போனால் போகட்டும் என்று விடலாமா?

தல்லாகுளத்தான்:
சித்திரை வந்தால் எனக்கு அழகர் ஞாபகமும் ராட்டின ஞாபகமும் சேர்ந்துதான் வரும். எங்கள் பழைய வீடு மதுரை தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்குப் பின்னால். ஊருக்குள் வரும் அழகரை வரவேற்கிற எதிர்சேவை பார்க்க மேலூர், நத்தம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்து திண்ணையிலும் மொட்டை மாடியிலும் படுத்துக் கிடப்பார்கள். சாயங்காலமானால் எல்லோரும் சேர்ந்து தமுக்கம் மைதானத்துக்கு, அரசுப் பொருட்காட்சிக்கு, நடந்தே போவோம். டெல்லி அப்பளத்தை முகத்தை மறைக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு ராட்டின வரிசையில் நிற்போம்.

பெரிய ராட்டினத்தில் உச்சிக்குப் போனதும் ஒரு நிமிடம் நிறுத்துவார்கள். தொட்டி மட்டும் லேசாக ஆடும். தெற்கே வைகைக்கு அந்தப் பக்கம் மீனாட்சி கோயில் கோபுரங்கள். வடகிழக்கே மங்கின வெளிச்சத்தில் யானைமலை படுத்திருக்கும். கீழே அம்மா எங்கே நிற்கிறாள் என்று தேடுவேன். என் ஊரை முதன்முதலில் முழுசாகப் பார்த்தது அங்கிருந்துதான்.

அப்புறம் மரணக் கிணறு. பலகைகளை நிறுத்தி வைத்துக் கட்டிய கிணற்றுக்குள் சைலன்சர் கழற்றிய பைக்குகள் சுவரில் ஏறிச் சுற்றும். நாங்கள் மேலே கைப்பிடியைப் பிடித்து நிற்போம், பலகை அதிர்வது பாதம் வரை தெரியும். நீட்டிய பத்து ரூபாயைச் சுற்றுகிற வேகத்திலேயே ஒருவர் பிடுங்கிக்கொண்டு போனார். அது என் அப்பா நீட்டிய நோட்டு.

2022-ல் தமுக்கத்தில் மாநாட்டு மையம் திறந்தார்கள். ஊருக்கு அது தேவைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் போன வருடம் ஒரு திருவிழாவுக்கு மகளைக் கூட்டிப்போனபோது காற்றடைத்த சறுக்குமரமும் பேட்டரி காரும்தான் இருந்தன. மரக்குதிரை வைத்த குடை ராட்டினம் இல்லை, கையால் தள்ளும் தொட்டி ராட்டினம் இல்லை, மரணக் கிணறு இல்லை. தேர், சப்பரம் எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்திருக்கிற ஊர் இது. ஒரு குடை ராட்டினத்துக்கு இடம் ஒதுக்க முடியாதா? மாநகராட்சிப் பூங்கா ஏதாவது ஒன்றில் ஓடவிட வேண்டும் என்பது என் கோரிக்கை.

வண்டியூர் தாய்:
அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்ததும் டெல்லி அப்பளத்தின் மிளகாய்ப்பொடி வாசம் எனக்கும் வந்தது. ஆனாலும் அந்த ராட்டினங்கள் போனதில் எனக்கு நிம்மதிதான்.

எனக்கு ஒன்பது வயது. ஒரு கிராமத்துத் திருவிழாவில், பீங்கான் கப் மாதிரி சுற்றுமே, அந்தப் பிரேக் டான்ஸில் ஏறினேன். சுற்றிக்கொண்டிருக்கும்போதே மடிமேல் இருந்த குறுக்குக் கம்பி திறந்துகொண்டது. கொண்டி தேய்ந்திருந்திருக்கிறது. வெளியே விழுந்து காறை எலும்பு முறிந்தது. மறுநாள் என் மாமா போய்க் கேட்டபோது ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். இன்றைக்கும் மழைக்காலத்தில் தோள் வலிக்கிறது.

நிலையான பூங்காவிலும் நடக்காமல் இல்லை. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் மாதிரி ஆடுகிற ராட்டினம் நடுத்தண்டு முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். ஆனால் அங்கே பெயர்ப்பலகை இருந்தது, யாரைக் கேட்பது என்று தெரிந்தது. ஊர் ஊராகக் கழற்றி மாட்டுகிற ராட்டினத்தில் யாரைப் பிடித்துக் கேட்பது? என் பிள்ளைகளைப் பரவையில் இருக்கிற ‘அதிசயம்’ மாதிரி ஓரிடத்தில் நிற்கிற பொழுதுபோக்குப் பூங்காவுக்குத்தான் அனுப்புவேன்.

தல்லாகுளத்தான்:
தங்கச்சி, உங்களுக்கு நடந்தது கொடுமை. அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பூங்காவுக்குள் போக ஒரு குடும்பத்துக்கு என்ன செலவாகிறது பாருங்கள். வாசலிலேயே மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். பொருட்காட்சியில் கையில் இருக்கிற காசுக்கு ஒரே ஒரு ராட்டினம் ஏறிவிட்டு வரலாம். நத்தத்திலிருந்து வந்த என் அத்தை மகன் ஏறின தொட்டியில்தான் ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருந்தான். அது இப்போது எங்கே நடக்கிறது?

சோழவந்தான் டீச்சர்:
நான் வேறொன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளை இருட்டின பிறகு தெருமுனைக்குக்கூட விடமாட்டார்கள். வருடத்தில் ஒரு ராத்திரி மட்டும் விதிவிலக்கு, பொருட்காட்சி. முன்னும் பின்னும் ஆடுகிற கொலம்பஸ் கப்பல் ராட்டினத்தின் கடைசி வரிசையில் நானும் என் அக்காவும் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினோம். வீட்டில் சத்தமாகச் சிரித்தாலே முறைக்கிற அப்பா கீழே நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா இப்போது இல்லை. அவள் கத்தின சத்தம் எனக்கு அந்தக் கப்பலோடுதான் இருக்கிறது.

அதே கூட்டத்தில் இடுப்பைக் கிள்ளினவர்களும் உண்டு, அதையும் நான் மறக்கவில்லை. வரிசையில் நிற்கும்போது அக்கா எனக்குப் பின்னால்தான் நிற்பாள். அந்த மைதானத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவா என்று நான் கேட்கமாட்டேன். கப்பலை மட்டும் கேட்பேன்.

உசிலம்பட்டி ராட்டினக்காரர் மகன்:
எல்லோரும் ஏறினவர்கள். நான் ஓட்டினவர் வீட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா குடை ராட்டினமும் தொட்டி ராட்டினமும் வைத்திருந்தார். தேனிப் பக்கம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா எட்டு நாளும் எங்கள் குடும்பமே ராட்டினத்தடியில்தான் தூங்கும்.

தல்லாகுளத்து அண்ணே, உச்சியில் உங்களை நிறுத்தியது ஊரைக் காட்ட இல்லை. நீங்கள் உச்சியில் இருக்கும்போது நேர் எதிர்த் தொட்டி தரையில் இருக்கும். அதில் ஆள் ஏற்றினால்தான் இரண்டு பக்கமும் பாரம் சமமாகும். ஒரு பக்கமே ஏற்றிக்கொண்டு போனால் சக்கரம் அந்தப் பக்கம் இழுத்துவிடும், தடுத்து நிறுத்த முடியாது. குண்டான ஆள் வந்தால் எதிரே இரண்டு பேரைப் போடுவார் அப்பா. யாரையும் கேட்கமாட்டார், பார்த்தவுடன் எடை சொல்வார்.

வண்டியூர் அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட போல்ட்டுத் துளை அகலும், கொண்டி தேயும். அதனால்தான் துளையில் செருகுகிற இரும்புப் பின் இருக்கிறதே, ஒரு ஊரில் கழற்றியதை அடுத்த ஊரில் அப்பா போடவே மாட்டார். வளைத்த பின்னை நிமிர்த்திப் போடுகிற ஆளை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார். ஒவ்வொரு ஊரிலும் முதல் ஓட்டம் மணல் மூட்டைகளுக்குத்தான், பிறகுதான் பிள்ளைகளுக்கு. எல்லா ராட்டினக்காரர்களும் அப்படி இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

நாங்கள் ஒழிந்தது விபத்தால் இல்லை, ஏலத்தால். முன்பு ஊர்ப் பெரியவர்களிடம் தேங்காய் பழம் வைத்து இடம் கேட்போம். பிறகு மைதானம் மொத்தத்தையும் ஒருவர் ஏலம் எடுத்து, அடிக்கணக்கில் எங்களுக்கு உள்வாடகைக்கு விட ஆரம்பித்தார். குடை ராட்டினம் அடைத்துக்கொள்கிற இடமோ பெரிது, டிக்கெட்டோ சின்னது. லாரி வாடகையும் சேர்ந்தால் எட்டு நாள் ஓட்டி எட்டாம் நாள் கடனோடு திரும்புவோம். ஏலம் எடுத்தவர் வாடகைக்கு நெருக்கும்போது மணல் மூட்டை ஓட்டத்தைத்தான் ராட்டினக்காரர்கள் முதலில் கைவிடுவார்கள். அக்காவுக்கு நடந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

வண்டியூர் தாய்:
தம்பி, இதை எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள் என்பதே எனக்குப் புதுசு. ஆனாலும் உங்கள் அப்பா நல்லவர் என்பது மட்டும் போதாதே. நல்லவர் கையில் இருந்தால் பத்திரம், இல்லாவிட்டால் இல்லை என்றால் நான் எப்படிப் பிள்ளையை ஏற்றுவேன்? யார் பார்த்தார்கள், என்றைக்குப் பார்த்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ராட்டினத்திலேயே தொங்கவிட வேண்டும்.

பழங்காநத்தம் பொறியாளர்:
ராட்டினம் பிறந்ததே கழற்றுவதற்குத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. 1893-ல் சிகாகோ கண்காட்சிக்காக ஃபெர்ரிஸ் என்பவர் கட்டிய முதல் ராட்சத ராட்டினம் 80 மீட்டர் உயரம், 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். அதையே 1906-ல் வெடி வைத்துத் தகர்த்துப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். நம் நாட்டிலும் 1984-ல் டெல்லியில் திறந்த அப்பு கர் என்ற பொழுதுபோக்குப் பூங்கா, ஒரு தலைமுறைக்கே பிடித்த இடம், 2008-ல் மூடப்பட்டது. அதனால் உங்கள் கோரிக்கை நடக்குமா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஆனால் வியன்னாவில் 1897-ல் கட்டிய ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. இரண்டாம் உலகப் போரில் எரிந்துபோனதைத் திரும்பக் கட்டியபோது 30 பெட்டிக்குப் பதில் 15 மட்டும் மாட்டினார்கள். பழைய சட்டத்துக்குப் பாரத்தைக் குறைத்துவிட்டார்கள். தல்லாகுளத்து நண்பர் இதைப் பிடித்துக்கொள்ளலாம். பழைய மாதிரியே கூட்டத்தை அடைக்க வேண்டும் என்று நின்றால் வண்டியூர் அம்மா சொல்வதுதான் சரி. பாதிப் பேரை ஏற்றி, பாதி வேகத்தில், ஒரே இடத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்தி ஓட்டலாம் என்றால் கணக்குப் போட்டுத் தர நான் தயார்.

தல்லாகுளத்தான்:
பாதி வேகம் என்றால் கொஞ்சம் மனசு சுருங்குகிறது, உண்மையைச் சொல்கிறேன். வயிற்றுக்குள் ஒன்று நழுவுமே, அது இல்லாமல் ராட்டினமா? ஆனால் குடை ராட்டினத்துக்கு வேகம் எதற்கு, அது எப்போதும் நிதானமாகத்தான் சுற்றியது. சரி, பெரிய ராட்டினத்தையும் மரணக் கிணற்றையும் விட்டுவிடுகிறேன். குடை ராட்டினம் ஒன்றாவது. உசிலம்பட்டித் தம்பி, உங்களுடையது என்ன ஆயிற்று?

உசிலம்பட்டி ராட்டினக்காரர் மகன்:
நடுத்தண்டையும் பேரிங்கையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம், என் தங்கை கல்யாணச் செலவுக்கு. குதிரைகளை மட்டும் அப்பா தரவில்லை. பன்னிரண்டில் ஏழு பரணில் இருக்கின்றன. ஒன்றுக்குக் காது இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் இறக்கித் துடைத்து, பெயின்ட் உரிந்த இடத்தில் தொட்டுவிட்டு மறுபடி ஏற்றிவைப்பார்.

பழங்காநத்தம் பொறியாளர்:
ஏழு குதிரை என்றால் பாரம் குறைவு. தண்டு புதிதாகக் கடைந்துவிடலாம், அது பெரிய வேலை இல்லை. பழைய தண்டின் விட்டமும் குதிரைக் கம்பியின் நீளமும் ஐயாவுக்கு ஞாபகம் இருக்குமா?

உசிலம்பட்டி ராட்டினக்காரர் மகன்:
ஞாபகமாவது. இதைப் படித்துக் காட்டிக்கொண்டே தட்டுகிறேன், அவர் இப்போதே கையால் அளவு காட்டிக்கொண்டிருக்கிறார். ஏழு வேண்டாமாம். எதிரெதிரே பாரம் நிற்காது, ஆறு போடு என்கிறார். காது போனதை மட்டும் கீழே நிறுத்திவைத்து, சின்னப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டுமாம்.

வண்டியூர் தாய்:
ஐயாவைப் பார்க்க நானும் வருகிறேன். மணல் மூட்டை ஓட்டத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும், பின்னைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பையனையும் கூட்டிவருவேன், ஏற்றுவேனா என்பதை அங்கே வந்துதான் சொல்வேன்.

சோழவந்தான் டீச்சர்:
ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. குதிரைக்குப் பெயின்ட் அடிக்க என் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை அழைத்து வருகிறேன்.