வால்பாறை இறக்கமும் கிழிந்த புஷ்ஷும்

குடும்பக் குழு, ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 7:12
[படம்]
நேற்று வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும், பிரேக்கை அழுத்திய கணத்தில் இடப்பக்க முன்சக்கரத்தருகே ‘டொக்’ என்று சத்தம் கேட்டது. ஸ்டீயரிங்கும் சற்றே இடப்பக்கம் இழுத்தது. இன்று காலை வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தேன். படத்தில் இருப்பது, முன்சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்புற புஷ், அதாவது ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம். நடுவில் உள்ள இரும்புக் குழாயைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு ரப்பர் கிழிந்திருக்கிறது. பிளவுக்குள் ஸ்க்ரூ டிரைவரின் நுனி தாராளமாக நுழைகிறது. வண்டி 2016ஆம் ஆண்டு போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஓட்டம் 84,000 கிலோமீட்டர். சின்ன மாமாவின் கருத்து தேவை.

சித்தப்பா, 7:20
ஒரு ரப்பர் துண்டுக்காகவா விடியற்காலையில் வண்டிக்கடியில் படுத்திருக்கிறாய்? அதே புஷ்ஷை வாங்கி மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

சித்தப்பா மகன், 7:31
அப்பா சொல்வதைக் கேட்காதீர்கள், அண்ணா. 1.2 லிட்டர் டர்போ எஞ்சினும் 105 குதிரைத்திறனும் உள்ள வண்டிக்கு மென்மையான ரப்பர் எதற்கு? ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற கடினமான பிளாஸ்டிக் புஷ் போடுங்கள். பவர்ஃபிளெக்ஸ் நிறுவனத்தின் ஊதா நிறப் புஷ், கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் 80, கறுப்பு 95. கறுப்பையே வாங்கி, முன்புறம், பின்புற அச்சு, எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் என எல்லா இடத்திலும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால், கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் வண்டி தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடும்.

அக்கா, 7:40
கரி ஸ்பீட்வேக்கு ஆண்டுக்கு ஒருமுறை போவீர்கள். மற்ற நாள்களில் அந்த வண்டியில் என் பிள்ளைகள்தாம் பள்ளிக்குப் போகிறார்கள். அவிநாசி சாலையின் குழிகள் எல்லாம் முதுகில் ஏறும்படி எதையும் செய்துவிடாதே, தம்பி.

சின்ன மாமா, 8:05
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணு. ரப்பரைத் தேர்ந்தெடுப்பது இருக்கட்டும். முதலில் ஒன்று சொல். இந்தப் புஷ்ஷை இதற்குமுன் எப்போது மாற்றினாய்?

நான், 8:09
70,000 கிலோமீட்டரில், மாமா. ஒரு பட்டறையில் மாற்றினார்கள். அப்படியானால் 14,000 கிலோமீட்டர்தான் தாங்கியிருக்கிறது. நம் சாலைகளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சின்ன மாமா, 8:11
போல்ட்டை இறுக்கியபோது வண்டி தரையில் நின்றதா, லிஃப்டில் தொங்கியதா?

நான், 8:14
லிஃப்டில்தான். எதிரே பெஞ்சில் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்தேன். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின.

சின்ன மாமா, 8:32
அங்கேதான் தவறு நடந்திருக்கிறது. பீளமேட்டில் பம்பு செய்த காலத்தில் மோட்டாருக்கும் பம்புக்கும் இடையே வரும் கப்ளிங் ரப்பரை நாள்தோறும் கையாண்டவன் என்பதால் சொல்கிறேன்: ரப்பர் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் எந்நேரமும் முறுக்கிப் பிடித்தால் கிழிந்துவிடும். இந்த வகைப் புஷ்ஷில் ரப்பர், உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டி வார்க்கப்பட்டிருக்கிறது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர்தான் முறுகிக்கொடுத்து மீள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையைத் தொட்ட உடனேயே அது முறுகிவிடுகிறது. நிறுத்தத்தில் நின்றாலும் இரவெல்லாம் அதே முறுக்கத்தில்தான் கிடக்கும். மீதி ஆட்டத்தைத் தாங்க அதனிடம் என்ன மிச்சம் இருக்கும்?

சித்தப்பா, 8:36
அப்படியென்றால் புதிய புஷ் எதைப் போட்டாலும் பயனில்லை என்கிறீர்களா?

சின்ன மாமா, 8:51
பயன் உண்டு, இடமறிந்து போட்டால். பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தைச் சாலை பின்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைப் பெரும்பாலும் ஏற்பது பின்புற புஷ். அது அளவுக்குமேல் நசுங்கினால் சக்கரம் பின்வாங்கி, டோ அளவு, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம் மாறி, வண்டி பக்கம் இழுக்கிறது. ஆகவே அந்த ஓரிடத்தில் ஊதா நிற 80 போடலாம். பாலியூரித்தேன் குழாயோடு ஒட்டுவதில்லை, அதன்மேல் சுழல்கிறது; எனவே முறுகிக் கிழியாது, ஆனால் கிரீஸ் வற்றினால் கீச்சென்று கத்தும். உடன் வரும் கிரீஸையே பூசு, சேஸிஸ் கிரீஸை அள்ளிப் பூசாதே. முன்புறச் சிறிய புஷ் அசல் ரப்பராகவே இருக்கட்டும். பின்புற அச்சைத் தொடவே தொடாதே. முறுகல், சாய்வு, பக்கவாட்டு அசைவு மூன்றையும் ஒரே புஷ் ஏற்க வேண்டிய இடத்தில் 95 கடினத்தை வைத்தால் அச்சு ஆடமுடியாமல் இறுகிக்கொள்ளும், பள்ளம் விழும்போதெல்லாம் பின்சக்கரம் துள்ளும்.

சித்தப்பா மகன், 8:55
எஞ்சின் மவுண்ட்டாவது, மாமா?

சின்ன மாமா, 8:57
சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியெல்லாம் நடுங்க வேண்டுமென்று ஆசையிருந்தால் உன் வண்டிக்குப் போட்டுக்கொள்.

அக்கா, 8:58
மாமாவின் தீர்ப்பை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை

நான், மாலை 5:40
[படம்] [படம்]
வேலை முடிந்தது. பழைய புஷ்ஷை கேஸ் டார்ச்சால் எரித்து எடுக்கலாம் என்றார்கள். அந்தப் புகையை யார் சுவாசிப்பது என்று மறுத்துவிட்டு, இரண்டு ஆர்ம்களையும் கழற்றி லேத் பட்டறையிலிருந்த ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளவைத்தேன். வலப்பக்க ரப்பரும் விரிசல் விடத் தொடங்கியிருந்ததால் இரண்டு பக்கமும் மாற்றியது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது படம் மாமாவுக்காக. வண்டி தரையில் நின்றபோதே சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டரின் விளிம்புவரை டேப்பால் அளந்து, மறைப்பு டேப்பில் எழுதி ஒட்டிவிட்டேன். லிஃப்டில் ஏற்றிய பிறகு ஜாக்கியால் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை அதே உயரத்துக்குத் தூக்கிவைத்துத்தான் இறுதி இறுக்கம் நடந்தது. போல்ட்டுகள் குறிப்பிட்ட முறுக்கத்துக்குப் பின் மேலும் 90 பாகை திருப்பி இறுக்கும் வகை என்பதால் பழையவற்றைப் போடாமல் புதியவை வாங்கினேன். பட்டறைப் பையன் முதலில் சிரித்தான். பிறகு டேப்பை அவனே பிடித்தான்.

சின்ன மாமா, 5:52
சக்கர அலைன்மென்ட் பார்த்தாயா?

நான், 5:58
பார்த்தேன், மாமா. இடப்பக்க டோ விலகியிருந்தது, சரிசெய்தாயிற்று. அந்த டயரின் உள்விளிம்பு தேய்ந்திருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். திரும்பும் வழியில் 80 வேகத்தில் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். ஸ்டீயரிங் அசையவில்லை, சத்தமும் இல்லை. வேகத்தடைக் கோடுகளின்மேல் ஏறும்போது மட்டும் முன்பைவிடக் கையில் சற்றுக் கூடுதலாக உணரமுடிகிறது. அக்கா பின்னிருக்கையில் இருந்தார், அவரே சொல்லட்டும்.

அக்கா, 6:03
எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. நான் கேட்டதும் அதைத்தானே!

சின்ன மாமா, 6:07
500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை அடியில் டார்ச் அடித்துப் பார். கீச்சென்றால் உடனே சொல்.

சித்தப்பா, 6:30
என் பழைய ஸ்விஃப்டிலும் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினால் அதே ‘டொக்’ கேட்கிறது. டிக்கியில் ஏதோ உருளுகிறது என்று இத்தனை நாளும் இருந்துவிட்டேன். நாளைக் காலை வண்டியைக் கொண்டு வருகிறேன், அந்த அளவு டேப்பை எடுத்து வைத்திரு.