கைக்கு வந்தும் நழுவிய பழைய இத்தாலிய பிரேஸ்லெட்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

முதல்ஞாயிறு

மூன்று வாரமாக அந்தப் பூட்டின் சத்தம் காதிலேயே நிற்கிறது. எழுதிவிடுகிறேன்.

இத்தாலியின் அரேட்ஸோ நகரில் கூடும் பழம்பொருள் சந்தை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும். பியாட்ஸா கிராந்தே சதுக்கத்தில், கட்டிடக்கலைஞர் வசாரி வடிவமைத்த மண்டபத்தின் கீழே ஒரு பெரியவர் மேசை போட்டிருந்தார். நீல வெல்வெட்டில் அகலமான சங்கிலி பிரேஸ்லெட். கையில் வாங்கினேன், நம் கணக்கில் நாலு பவுனுக்குக் குறையாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் 750 என்று இருக்கிறது, அதாவது 18 காரட். பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் 1 ஏஆர், ஏஆர் என்றால் அரேட்ஸோ மாகாணம். ஆனால் நட்சத்திரம் இல்லை.

நட்சத்திரம், எண், மாகாண எழுத்து என மூன்றும் இருக்க வேண்டும் என்றுதான் நான் படித்து வைத்திருந்தேன். போலி என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன். பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூட்டின் நாக்கை உள்ளே தள்ளினார், டிக். துணியால் ஒருமுறை துடைத்து அதே இடத்தில் வைத்தார்.

இரவு விடுதியில் படுத்த பிறகுதான் உறைத்தது. நட்சத்திரம் வந்ததே 1968 சட்டத்தோடு. அதற்கு முன்னால் வெறும் சாய்சதுரம்தான். 1 ஏஆர் என்பது 1926-இல் அரேட்ஸோவில் தொடங்கிய கோரி அண்ட் ட்ஸுக்கியின் முத்திரை. அதை இத்தாலிய மொழியில் வாய்விட்டுப் படித்தால் ஊனோ ஆ எர்ரே, பிறகு அதுவே கம்பெனியின் பெயராகிவிட்டது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். மேசை முன்னால் நின்றபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

விடிந்தால் திங்கள். சந்தை கலைந்துவிட்டது.

பலெர்மோவாசி

உங்களுடையது காசு கொடுத்தால் கிடைத்திருக்கும். எனக்கு நடந்தது வேறு.

சிசிலித் தீவின் பலெர்மோவில் எங்கட ஆட்கள் கனபேர் செய்கிற வேலைதான் எனக்கும், வயதானவர்களைப் பார்ப்பது. ஒரு சிஞ்ஞோராவோடு, வயதான இத்தாலிய அம்மாவோடு, நாலு வருசம் இருந்தேன். ஒருநாள் அலுமாரிக்குள் இருந்த பெட்டியை எடுத்துத் தரச் சொன்னார். உள்ளே இரண்டே சாமான். ஒன்று அவருடைய தாயின் இரும்பு மோதிரம். 1935 டிசம்பர் 18, முசோலினி அரசு பெண்களிடம் கல்யாண மோதிரத்தை நாட்டுக்கு என்று வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கொடுத்தது. மற்றது பவளக் கைச்சங்கிலி. நான் சிவந்த பவளம்தான் கண்டிருக்கிறேன், இது பழுத்த பப்பாசி நிறம். சியாக்காப் பவளம் என்றார். 1875-இல் சியாக்காவுக்கு எதிர்க்கடலில் கண்டுபிடித்தது, செத்துக் கடலடியில் குவிந்து கிடந்த பவளம். "தங்கத்தைத்தான் கேட்டார்கள், இதை ஒருவரும் கேட்கவில்லை" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்து அதைப் போடப் பார்த்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். பிள்ளைகள் அந்த நேரம் பார்த்து வந்தால் என்ன நினைப்பார்கள்? "ஒருக்காப் போட்டுக் காட்டு, அம்மாவின் கை உன் கை மாதிரித்தான்" என்றார். மாட்டேன் என்றுவிட்டேன். அவர் தானும் போடவில்லை, பெட்டியை மூடினார். அடுத்த மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போட்டுக் காட்டியிருக்கலாம்.

மூக்கறுந்த_கேமியோ

முதல்ஞாயிறு, சந்தையில் எடுத்த முடிவு அவசரம், சரி. இரவில் எடுத்த முடிவும் அவசரம்தான். நட்சத்திரம் இல்லை என்பதாலேயே 1968-க்கு முந்தியது ஆகிவிடாது. 1968-க்குப் பிறகு வந்த முத்திரையைச் சுற்றியுள்ள கட்டம் நீட்டு வாக்கில் ஆறு மூலை கொண்டது. தேய்ந்துபோனால் சாய்சதுரம் போலத் தெரியும், உள்ளே நட்சத்திரமும் மழுங்கியிருக்கும். மூலைகளை எண்ணினீர்களா? 1934 முதல் 1944 வரை உள்ளதில் ஃபாஷிஸ்ட் சின்னமான கம்புக்கட்டும் கோடரியும் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் நீங்கள் சொல்வது.

அதோடு, முத்திரை பூட்டில் மட்டும் இருந்தால் அது பூட்டுக்கு மட்டும்தான் சாட்சி. பழைய பூட்டைக் கழற்றிப் புதிய சங்கிலியில் வைப்பது பெரிய வித்தை இல்லை. கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் உட்பக்கத்தைப் பாருங்கள். ஐம்பது அறுபது வருடம் கையில் கிடந்தது என்றால் அங்கே தேய்மானம் இருந்தே ஆக வேண்டும். பூட்டுப் பக்கம் சாம்பல் நிறத் திட்டு தெரிந்தால் யாரோ ஈயப் பற்று வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. துபோகாஸ் என்கிற குழாய் போன்ற சங்கிலி வகை கிடைத்தால் இன்னும் கவனம். பற்றவைக்காமல் பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சுற்றுவதால்தான் அது வளைந்து கொடுக்கிறது. நடுவில் ஒரு பற்று விழுந்தால் அந்த இடம் விறைத்துவிடும். பலெர்மோ அக்கா, பவளத்தில் வாசனைத் தைலம், எலுமிச்சை எதுவும் படவிடாதீர்கள், மெருகு போய்விடும்.

என் கதை சின்னது. நேப்பிள்ஸில் ஒரு லாவா பிரேஸ்லெட், 19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டுப் பயணிகளுக்காகச் செய்தது. பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று செதுக்கிய ஏழு முகங்கள். ஒரு முகத்தில் மூக்கு இல்லை, அதனால் விட்டுவிட்டேன். லாவா என்று பெயர்தானே தவிர, இவை பெரும்பாலும் வெசுவியஸ் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். மிருதுவானது என்பதால்தான் அவ்வளவு ஆழமாகச் செதுக்க முடிந்தது. அந்த மிருதுதான் மூக்கையும் உடைக்கிறது. அதன்பிறகு முழு மூக்கோடு ஏழு முகத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

பட்டுக்கோடு

பூட்டைப் பற்றி இவ்வளவு சொன்னீர்கள், பாலிஷ் பற்றி ஒரு வரி சொல்லவில்லையே. எனக்கு எல்லாம் போனது அதில்தான்.

என்னுடையது விசென்ஸாவில் செய்தது, விஐ எழுத்து. மேலெல்லாம் நுணுக்கமான கோடுகள், வெளிச்சத்தில் பட்டுத்துணி மாதிரி அடங்கி மின்னும். 1919-இல் மிலனில் கடை திறந்த மாரியோ புச்செல்லாட்டி இந்தக் கோட்டு வேலைக்குத்தான் பேர் வாங்கினார். என்னுடையது அவர் செய்தது இல்லை, அந்த வழியில் யாரோ செய்தது.

பூட்டு தளர்ந்தது என்று சென்னையில் ஒரு கடையில் கொடுத்தேன். "18 காரட்டா? இதைப் போட்டுட்டு 916 எடுத்துக்குங்களேன்" என்றார்கள். வேண்டாம், பூட்டு மட்டும் என்றேன். மூன்றாம் நாள் போனால் கடைப் பையன் கண்ணாடி போல மின்னும் எதையோ எடுத்து வைக்கிறான். "பாலிஷ் போட்டாச்சு மேடம், அதுக்குக் காசு வேண்டாம்." அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஒரு கோடுகூட மிச்சமில்லை. கோட்டைத் திரும்பக் கீறலாம் என்று ஒரு ஆசாரி சொல்கிறார், எனக்கு மனசு வரவில்லை.

முதல்ஞாயிறு

மூலைகளை எண்ணவில்லை. நாலு என்றுதான் நினைவு, இப்போது அதுவும் சந்தேகமாகிவிட்டது. முத்திரையைப் பார்த்ததும் பூட்டில்தான், கண்ணிகளைப் புரட்டிப் பார்க்கவே இல்லை. வருகிற முதல் ஞாயிறுக்கு ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

பலெர்மோ அக்கா, அந்தப் பவளத்தின் பூட்டில் ஏதாவது முத்திரை இருந்ததா?

பலெர்மோவாசி

தம்பி, பூட்டை நான் பார்க்கவில்லை. அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது, பூட்டைத் திறக்கவே கனநேரம் பிடித்தது. நான் உதவிக்குப் போகவில்லை.

தைலம் படவிடாதே என்று எழுதியவருக்கு: பவளம் என்னிடம் இல்லை. பிள்ளைகள் பெட்டியோடு கொண்டுபோய்விட்டார்கள். இரும்பு மோதிரத்தை மட்டும் மேசையில் விட்டுப் போயிருந்தார்கள், கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.