பலூனிலிருந்து பெட்டியைக் கழற்றிவிடும் அமைப்பு: யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் கல்லூரிக் குழு லேட்டக்ஸ் பலூனில் ஒரு சிறு வானிலைக் கருவிப் பெட்டியை 25 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பத் தயாராகிறது. பலூன் தானாக வெடிக்கட்டும் என்று விட்டால் பெட்டி வங்காள விரிகுடாவில் விழக்கூடும். அதனால் ஜிபிஎஸ் காட்டும் எல்லையைத் தாண்டினாலோ டைமர் முடிந்தாலோ கயிறு அறுபட்டு, பாராசூட்டுடன் பெட்டி இறங்க வேண்டும்.

இப்போதைய வடிவம்: நைலான் கயிற்றைச் சுற்றி நிக்ரோம் கம்பி (மின்சாரம் பாய்ந்தால் சிவக்கச் சூடாகிக் கயிற்றை உருக்கும்), அதற்கு மின் சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட், லித்தியம் ஏஏ பேட்டரிகள் (ஆல்கலைன் அந்தக் குளிரில் படுத்துவிடும்). மேசையில் வைத்துப் பார்த்தால் சட்டென்று அறுக்கிறது. ஆனால் நம் பகுதியில் 17 கிலோமீட்டரை ஒட்டி வெப்பநிலை மைனஸ் 80 டிகிரி வரை இறங்கும். மேலே காற்று மெலிவதால் கம்பியின் சூடு அவ்வளவாக வெளியேறாது, அது சாதகம். பேட்டரியின் உள்மின்தடை கூடி மின்னோட்டம் குறையும், அது பாதகம். எது மிஞ்சும்?

அப்புறம், பெட்டி சுழன்று ஆடும்போது கம்பி கயிற்றைவிட்டு விலகினால் சும்மா சிவந்து எரியும், கயிறு அப்படியே இருக்கும். ஸ்பிரிங் வைத்து அழுத்திப் பிடிக்கலாமா? சர்வோவால் (பற்சக்கரம் கொண்ட சிறு மோட்டார்) கயிற்றைப் பிடித்திருக்கும் ஊசியை இழுக்கும் முறையைச் சிலர் சொன்னார்கள். குளிரில் கிரீஸ் இறுகிப் பற்சக்கரம் சிக்கும் என்பதால் எனக்கு அதில் மனமில்லை. டைனீமா (வலுவான பாலிஎத்திலீன் இழைக் கயிறு) 150 டிகிரிக்குள் உருகிவிடும், நைலானுக்கு 200-க்கு மேல் வேண்டும். கயிற்றை மாற்றியவர்கள் இருந்தால் முடிச்சு நழுவியதா என்று சொல்லுங்கள்.

குளிரை உலர்பனி வைத்துச் சோதித்துவிடுவோம். குறைந்த அழுத்தமும் சேர்த்துப் பார்க்க, சென்னை அல்லது திருச்சிப் பக்கம் வெற்றிடக் கலன் வசதி உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.