தடைக்காலத்தில் மாத்திரையைப் பாதியாக்கலாமா?

கடலோரத்தாள் | மே 8, இரவு 9:50

பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தம்பிக்கு 29 வயது. நான்கு வருஷமாக பைபோலார், அதாவது மனம் அளவுக்கு மீறிப் பொங்குவதும் சோர்ந்து விழுவதும் மாறி மாறி வரும் நோய். காலையில் ரிஸ்பெரிடோன் ஒன்று, ராத்திரி லித்தியம் இரண்டு. மாத்திரை ஒழுங்காகப் போனால் அவன் யார் வீட்டுப் பிள்ளையும் போல இருப்பான்.

விசைப்படகுக்குப் போகிறவன். ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடையில் படகு கரையில் கிடக்கிறது. அம்மா பாசி எடுக்கப் போவார். அதுவும் இப்போது இல்லை. நான் கருவாடு காயப்போட்டு வருவதில்தான் வீடு ஓடுகிறது. மதுரையில் தனியார் டாக்டரிடம் பார்க்கிறோம். ஃபீஸ், மாத்திரை, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 2,800 ரூபாய். முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் உதவும். மாதாமாதம் கடையில் வாங்கும் மாத்திரைக்கு அதில் வழியில்லை. வேறு காப்பீடும் கிடையாது.

நேற்று எண்ணிப் பார்த்தேன், லித்தியம் 11 மிச்சம். அரிவாள்மனையில் வைத்து ஒன்றை நறுக்கினேன். ஒரு பாதி தூளாகப் போனது. தம்பி பார்த்துக்கொண்டே நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. ஜூன் 14 வரை பாதி பாதியாகக் கொடுத்து ஓட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரமக்குடி மருந்தாளுநர் | மே 8, இரவு 10:20

தங்கச்சி, அரிவாள்மனையைக் கீழே வையுங்கள். டாக்டர் சொல்லாமல் லித்தியத்தைக் குறைக்கக் கூடாது. அளவு இறங்கினால் நோயின் பழைய வேகம் திரும்பி வரும். அப்படி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஆகிற செலவில் ஒரு வருஷத்து மாத்திரை வாங்கலாம். மாத்திரை அட்டையில் எஸ்.ஆர். என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது மெதுவாகக் கரையும் மாத்திரை, தூளாக்கவே கூடாது.

11 மாத்திரை என்றால் ஐந்து நாள். அதற்குள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குத் தம்பியைக் கூட்டிப் போங்கள். பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், 18-ஆவது பிரிவு: அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகள் இலவசமாகக் கொடுக்க வேண்டும். லித்தியம், ரிஸ்பெரிடோன் இரண்டும் தேசியப் பட்டியலில் இருக்கின்றன. இது தர்மம் இல்லை, உங்கள் உரிமை. இத்தனை வருஷம் மாதம் 2,800 கொடுத்திருக்கவே வேண்டாம்.

தொண்டிக்காரன் | மே 9, காலை 6:15

மருந்தாளுநர் அண்ணே, பாதியாக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "கொடுத்திருக்கவே வேண்டாம்" என்று எழுதினீர்களே, அது மனதை உறுத்துகிறது.

என் அப்பாவுக்கு 11 வருஷமாக மனச்சிதைவு. ஆறு வருஷம் ஒரு அரசு மருத்துவமனையில்தான் வாங்கினோம். விடியற்காலை கிளம்பினால் வீடு திரும்ப மூன்று மணி. அவரைத் தனியாக விட முடியாது, நானும் போக வேண்டும். இரண்டு பேர் கூலி போச்சு, பஸ், சாப்பாடு. அப்படிப் போய் நின்றால் "இந்த மாத்திரை ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க". இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டாம் முறை பத்து நாள் இடைவெளி விழுந்தது. அப்பா வலையை எல்லாம் வெட்டிப்போட்டார், பக்கத்து வீட்டு வலையையும் சேர்த்து. அதைக் கட்டிக்கொடுக்க நான் வாங்கிய கடன் மூன்று வருஷம் ஓடியது.

இப்போது டாக்டரிடம் கெஞ்சி, கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதி வாங்கினேன். மலிவு விலையில் விற்கும் மக்கள் மருந்தகத்தில் வாங்குகிறேன். முன்பு ஆனதில் பாதிகூட ஆவதில்லை. 2025-இல் முதல்வர் மருந்தகமும் ஆயிரம் கடை திறந்தார்கள். அக்கா, உங்களுக்கும் அதுதான் தோது. ஊரில் இருந்தபடியே காசு கொடுத்து வாங்குகிறவன் ஏமாளி இல்லை.

பரமக்குடி மருந்தாளுநர் | மே 9, காலை 8:05

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது கொடுமை. ஆனால் இதைப் படித்துவிட்டு நாலு பேர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நின்றால் அவர்கள் கதி? மலிவு விலைக்கும் வழியில்லாத வீடுகள் இந்தக் கரையில் உண்டு.

இன்னொன்று, உங்கள் அப்பா மாத்திரை வேறு, இது வேறு. லித்தியத்தில் விலை பெரிய விஷயமே இல்லை, ரத்தப் பரிசோதனைதான் விஷயம். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு, சிறுநீரகம், தைராய்டு எப்படி என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். வெளி லேபில் காசு ஆகும் என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கடலுக்குப் போகிறவனுக்கு அது இன்னும் ஆபத்து. நாள் முழுக்க வெயிலில் வியர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். தோள்வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் இன்னும் ஏறும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. மலிவுக் கடை மாத்திரை தரும், இதையெல்லாம் யார் பார்ப்பது?

தொண்டிக்காரன் | மே 9, காலை 8:40

பரிசோதனை விஷயம் எனக்குத் தெரியாது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போகாதே என்று நான் சொல்லவில்லை, போய் வருவதற்கும் ஒரு விலை உண்டு என்கிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 2021-இல் இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டு வாசலுக்கு மாத்திரை வருகிறது. எங்கள் தெருவில் என் அத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதே பையில் அப்பாவின் மாத்திரையும் வந்தால் என்ன? மருந்தே வேண்டாம் என்று உட்காரும் நோயாளியைத்தான் பஸ் ஏறி வா என்கிறோம். இதைக் கேட்டால் அரசு ஆஸ்பத்திரியைக் குறை சொல்கிறான் என்கிறீர்கள்.

சமையன் | மே 9, பகல் 1:10

எதற்கு இவ்வளவு பேச்சு? பக்கத்திலேயே ஏர்வாடி தர்கா. கையில் காசில்லாத சனம் காலங்காலமாக அங்கேதானே கொண்டுபோய் விடுகிறது.

கீழக்கரை காக்கா | மே 9, பிற்பகல் 2:30

சமையன், அந்த வார்த்தை வேண்டாம். என் சாச்சாவை 1999-இல் அப்படித்தான் கொண்டுபோனோம். மருந்துக்குக் காசில்லை, அதுதான் காரணம். தென்னங்கீற்றுக் கொட்டகை, காலில் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்துப்போனார்கள். சாச்சா இருந்தது வேறு இடம். அன்றைக்கே வாப்பா போய்ச் சங்கிலியை அறுத்துக் கூட்டி வந்தார். கணுக்காலில் அந்தத் தழும்பு மவுத்தாகும் வரை இருந்தது.

தர்காவை நான் பழிக்கவில்லை, இன்றைக்கும் போய் துவா கேட்கிறேன். துவா வேறு, பூட்டி வைப்பது வேறு. சங்கிலியால் கட்டுவது இப்போது சட்டப்படி குற்றம். தர்காவிலேயே துவாவோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாட்டை அரசு செய்திருக்கிறது. அக்கா, தம்பியைக் கூட்டிக்கொண்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.

சமையன் | மே 9, மாலை 4:00

தெரியாமல் எழுதிவிட்டேன் காக்கா. மன்னிக்கவும்.

வெள்ளை உடுப்பு | மே 9, இரவு 9:15

நான் செவிலியர், மனநல ஓ.பி.யில் வேலை பார்த்தவள். நான் இருந்த இடத்தில், முதல் தடவை நோயாளி வந்தே ஆக வேண்டும். நிலைமை சீரானதும் டாக்டர் சம்மதித்தால் அடுத்த மாதங்களில் வீட்டார் வந்து வாங்கிப் போவார்கள். இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர் குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கே வருவதுண்டு. உங்களுக்குக் கிட்ட எங்கே, எந்தக் கிழமை என்று கேளுங்கள். தொண்டி அண்ணன் சொன்ன அலைச்சல் அதில் பாதி குறையும். 104 மருத்துவ உதவி எண்ணிலும், 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

லித்தியம் அளவு பார்க்கும் அன்று, முந்தின ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அந்தப் பரிசோதனை அங்கே இல்லையென்றால் மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். எஸ்.ஆர். மாத்திரைக்குப் பதில் சாதா 300 மி.கி. மாத்திரை கொடுத்தால், இரண்டும் ஒன்று என்று நினைத்து அதே எண்ணிக்கையில் போடக் கூடாது. பழைய அட்டையைக் காட்டுங்கள், டாக்டர் கணக்குப் போட்டுத் தருவார்.

பரமக்குடி மருந்தாளுநர் | மே 9, இரவு 9:40

சகோதரி சொன்னது சரி. தரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரி மருந்தை 1995-இல் இருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் வாங்கித் தருகிறது, ஆய்வகச் சோதனை முடிந்த பேட்ச்தான் வெளியே வரும். ஆனால் தொண்டித் தம்பி கேட்ட அந்த வீட்டு வாசல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

கடலோரத்தாள் | மே 13, இரவு 8:30

எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். இன்று போய் வந்தோம். வரும் வழியில் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் தம்பி ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டான். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, அவனுக்கு மட்டும்தான்.

ரத்தம் எடுத்தார்கள். லித்தியம் 28 நாளுக்குக் கொடுத்தார்கள், சாதா 300. எண்ணிக்கையை டாக்டர் மாற்றி எழுதி, வெயிலில் தண்ணீர் குடிக்கிறாயா என்று அவனிடமே கேட்டார். நான்கு வருஷத்தில் யாரும் அவனிடம் நேராகக் கேட்டதில்லை, என்னிடம்தான் கேட்பார்கள். ரிஸ்பெரிடோன் மட்டும் எழுதி வாங்கி, தொண்டி அண்ணே, நீங்கள் சொன்ன மக்கள் மருந்தகத்தில் வாங்கினேன். கருவாடு காயாமல் போனது ஒரு நாள். அது உங்கள் கணக்கு, சரிதான்.

அடுத்த தேதி ஜூன் 10. நான் மட்டும் வந்தால் போதுமா என்று கேட்டேன். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஜூன் 15-க்குப் படகில் ஏறலாமா என்று தம்பி கேட்டான். அதற்கும் அதே பதில்தான்.