மறு: ஜெனரேட்டர் காசு – அனுப்ப முதல் இதைப் படியுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கோயில் ஜெனரேட்டருக்கு ஆளுக்கு 25,000 ரூபா கேட்டு ஸ்காபரோ அத்தான் எழுதிய மடலுக்கு நான் இதுவரை பதில் போடவில்லை. காசு இல்லாமல் இல்லை. ஊருக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். போன கிழமை போய்விட்டு வந்தேன். கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பி மூன்று நாளாகியும் அன்று பார்த்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இரவு எட்டு மணி இருக்கும். மழை இல்லை, காற்றுதான். ஒழுங்கை முகப்பில் மில்லடிச் சித்தப்பாவோடு கதைத்துக்கொண்டு நின்றேன். பெரிய பனங்காவோலை ஒன்று கம்பத்துக்குக் கம்பம் ஓடும் மேல் லைனில் விழுந்தது. நீல வெளிச்சம், பட்டாசுச் சத்தம், கம்பி அறுந்து பூவரசம் வேலியில் விழுந்தது. ஊர் இருண்டது. கண் மூடித் திறப்பதற்குள் வெளிச்சம் வந்து, திரும்பவும் போனது. பிறகு ஒரே இருட்டு.

சித்தப்பாவின் ஆடு அந்த வேலியோடு கட்டியிருந்தது. "கரண்ட் நிண்டிட்டுது, பயப்பிடாதை" என்று சொல்லிக்கொண்டு மனுஷன் இறங்கிவிட்டார். நான் சாரத்தில் பிடித்து இழுத்தேன், மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. பத்துப் பதினைந்து வினாடிதான். வீட்டு விளக்குகள் திரும்ப எரிந்தன. வேலியில் கிடந்த கம்பி துள்ளியது. பச்சை இலை கருகிய மணம் வந்தது. அதன் பிறகுதான் லைன் ஒரேயடியாக நின்றது.

உள்ளே வந்து சொன்னால் பெரியம்மா புட்டுப் பானையை விட்டுத் திரும்பவே இல்லை. "அது இப்ப வழமைதானே தம்பி. ரெண்டு மூண்டு தரம் கண்ணடிச்சுப்போட்டுத்தான் போகும்."

கண்ணடிப்பதுதான் விஷயம். உங்களில் பலர் அதை மின்சாரக் கந்தோர்க்காரரின் கவனயீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. கம்பத்தோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், லைனை அப்படித்தான் அமைப்பார்கள். மேல் லைனில் வரும் பழுதுகளில் நூற்றுக்கு எழுபது, எண்பது தானாகவே தீர்ந்துபோகிறவை. மின்னல் இறங்கும், கொப்பு உரசும், வௌவால் மாட்டும். அந்த இடத்துக் காற்றே சூடாகிக் கரண்டுக்கு வழிவிடும். லைனைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் பொறி அணைந்து காற்று ஆறிவிடும், கம்பிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதனால் ரீகுளோசர் என்கிற பிரேக்கர் யாரையும் கேட்காமல் லைனைத் தானே திரும்பப் போட்டுப் பார்க்கும். முதல் தரம் பெரும்பாலும் ஒரு வினாடிக்குள், அடுத்த தரங்களுக்குக் கூடுதலாகப் பொறுத்து. இரண்டு மூன்று தரம் போட்டும் பழுது விலகவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளும். பிறகு ஆள் வந்து பார்த்துத்தான் போட வேண்டும். இது இல்லையென்றால் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரும் வரை ஊர் இருட்டில் கிடக்கும்.

கொழும்பு நகரத்துக்குள் 11,000 வோல்ட் பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே கேபிளில் ஓடுகிறது. கேபிள் பழுது தானாக ஆறாது, திரும்பப் போட்டால் சேதம்தான் கூடும். ஆகவே அங்கே இந்தக் கண்ணடிப்பு வைப்பதில்லை. இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் ஊருக்குப் போனால் விளக்கு நின்றதும் கம்பி செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். அது செத்ததாக அர்த்தமில்லை. இன்னொன்று, காய்ந்த மணலில் கம்பி விழுந்தால் பிரேக்கருக்குத் தெரியும் அளவுக்குக் கரண்ட் பாயாமலே போகலாம். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், முற்றத்தில் கம்பியும் உயிரோடு கிடக்கும். கிட்டப் போகாமல் மின்சாரக் கந்தோருக்குப் போன் எடுப்பதுதான் செய்யக்கூடியது. இதை வாசிகசாலைச் சுவரில் எழுதிப் போடக் காசும் வேண்டாம்.

சரி, ஜெனரேட்டர். விலைப்பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன். இயந்திரம் இருக்கிறது, கொட்டகை இருக்கிறது, கொட்டகை முகப்புக்குக் கறுப்புக் கல்லில் பெயர்ப்பலகைகூட இருக்கிறது. கோயிலை ஊர் லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லை. அது இல்லாமல் ஓட்டினால் ஜெனரேட்டர் கரண்ட், கம்பத்திலிருந்து கோயிலுக்கு வரும் சேர்விஸ் வயர் வழியாக டிரான்ஸ்போமருக்கே திரும்பி ஏறும். 400 வோல்ட்டாகப் போனது மறுபக்கம் 33,000 ஆக வெளியே வரும். அங்கே அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டு நிற்பவன் யார் வீட்டுப் பிள்ளையோ. அந்தச் சுவிட்ச் பட்டியலில் ஏறட்டும், என் பங்கு அடுத்த நாளே வரும்.

காவோலை விழுந்த பனை யாருடைய வளவில் நிற்கிறது என்று நான் எழுதப் போவதில்லை. ஒஸ்லோத் தம்பிக்குத் தெரியும்.

– வெள்ளவத்தையிலிருந்து

*

கொழும்பு அண்ணைக்கு,

பனை என்னுடைய வளவில்தான் நிற்கிறது. ஒளிக்க ஒன்றுமில்லை. அப்பா நட்டது. எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வழக்குப் பேசிய காலத்தில் அதே பனையை உங்கள் வீட்டார்தான் தங்களுடையது என்றார்கள். கிழங்குக்கு உங்களுடையது, காவோலைக்கு மட்டும் என்னுடையதா?

அந்தப் பனையடியில்தான் ஆச்சி காவோலை பொறுக்கி அடுப்பு மூட்டுவா. அப்போது ஒழுங்கைக்குக் கரண்டே வரவில்லை, அரிக்கன் லாம்பில்தான் படித்தோம். இப்போது பொறுக்க ஆளில்லை, அதனால்தான் லைனில் விழுகிறது.

கந்தோருக்கு அறிவித்து, அவர்கள் லைனை நிறுத்தித் தந்தால் காவோலை தட்டும் செலவு என்னுடையது. ஜெனரேட்டருக்கு ஒரு சதமும் இல்லை, கேணி துப்புரவாக்கிய கணக்கு இந்தக் குழுவுக்கு வரும் வரை. எத்தனை தரம் கேட்டுவிட்டேன்!

*

எல்லோருக்கும்,

கேணிக் கணக்கு என்னிடம் இருக்கிறது, தேடி எடுத்து அனுப்புகிறேன். அயலூர்க் கோயிலில் ஜெனரேட்டர் ஓட, நம்முடைய தேர் பெற்றோல்மக்ஸில் போனதை நான் இன்னும் மறக்கவில்லை. பெயர்ப்பலகை இருக்கும். அந்தச் சுவிட்ச் என்ன விலை?

– ஸ்காபரோ