வினாக்கொத்துக்கு ஒரு சொல்: சமயம் இல்லாதவரை என்னவென்று எழுதுவது? (குழு உரையாடல்; எழுதுபவரின் ஊரே அவரவர் பெயர்)

கிளிநொச்சி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி பட்டப்படிப்பு ஆய்வுக்காகக் கரைச்சி, கண்டாவளைப் பக்கம் வினாக்கொத்து ஒன்றைக் கொண்டு போகிறாள். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போகவேண்டும். 'நொன்ரிலிஜன்' என்பதற்குச் சொல் தேடுகிறோம். சமயத்தை ஆராய்வதுபோல் சமயம் இல்லாத நிலையையும் ஆராயும் துறை அது. 2008இல் அதற்கென்றே ஆய்வாளர் வலையமைப்பு ஒன்று தொடங்கியது, 2012இலிருந்து ஆய்விதழும் வருகிறது.

பிள்ளை முதலில் 'மதச்சார்பற்றவர்' என்று போட்டுச் சிலரிடம் கேட்டுப் பார்த்தாள். பரந்தனில் ஒரு பெரியவர், "ஓம், நான் மதச்சார்பற்றவன்தான்" என்று பெருமையாக அடையாளமிடச் சொன்னாராம். அடுத்த பக்கத்தில் அவருடைய பட்டியலைப் பாருங்கள்: வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், மடுவில் ஆவணித் திருவிழா, ஏ9 வீதியால் போகும்போதெல்லாம் முறிகண்டியில் தேங்காய். எல்லாச் சமயமும் சம்மதம் என்பதே அவர் கொண்ட பொருள். அந்தச் சொல்லுக்கு நாட்டில் அதுதான் பொருள் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கு வேறு சொல் வேண்டும்.

மல்லாவி

மகள், முதலில் 'மதம்' என்பதைக் கைவிடுங்கள். நன்னூலார் 'எழுவகை மதம்' என்றது நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளை. உடன்படலும் ஒரு மதம், மறுத்தலும் ஒரு மதம். மறுப்பதே மதமாகும்போது மதமில்லாதவன் எங்கே இருக்கிறான்? 'சமயம்' என்பதும் வடசொல்லே. நல்ல தமிழில் 'நெறி' இருக்கிறது. சாதாரண தரத்தில் பிள்ளைகள் படிக்கும் பாடமே சைவநெறிதான். ஆகவே 'நெறியின்மை'.

ஒட்டுசுட்டான்

ஐயா, 'நீங்கள் நெறியற்றவரா?' என்ற கேள்வியோடு அந்தப் பிள்ளை எந்தப் படலையைத் திறப்பாள்? நாயை அவிழ்த்து விடுவார்கள். மதம் என்றதும் எங்கள் பக்கத்தில் யானைதான் நினைவுக்கு வரும், அதையும் சொல்லிவைக்கிறேன்.

வவுனியா

சொல்லுக்கு முன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'செக்கியூலரிசம்' (மதச்சார்பின்மை) என்ற சொல்லை 1851இல் ஆக்கிய ஜோர்ஜ் ஹோலியோக், நாத்திகர் என்ற வசைப்பெயரிலிருந்து தப்பவே அதை ஆக்கினார். பிறகு அது அரசுக்கும் கட்சிக்கும் உரிய சொல்லாயிற்று. 1968இல் சமூகவியலாளர் கிளென் வேர்னன், கணக்கெடுப்புகளில் 'எதுவுமில்லை' என்று பதில் சொல்வோரை ஆய்வாளர் கவனியாது விட்ட வகையினர் என்று எழுதினார். இத்துறை ஆய்வாளர் லோயிஸ் லீயின் வரையறை இன்னும் நுட்பமானது: சமயத்திலிருந்து வேறுபட்டு நிற்பதையே முதன்மை அடையாளமாகக் கொண்டது எதுவோ அதுவே நொன்ரிலிஜன். வெறும் வெற்றிடத்தை அவர் சொல்லவில்லை.

நம் இலக்கணத்தில் இதற்கு இடம் தயாராக இருக்கிறது. எதிர்மறை முன்னொட்டுக்கு இன்மை, அன்மை, மறுதலை என்று மூன்று பொருள் சொல்வார்கள். சமயம் இல்லாதது இன்மை, சமயத்துக்கு எதிரானது மறுதலை. நமக்கு வேண்டியது நடுவில் உள்ள அன்மை, அதாவது சமயம் அல்லாதது. 'சமயவன்மை' என்று வைக்கலாம்.

முருங்கன்

சேர், இலக்கணம் சரி. ஆனால் 'சமயவன்மை' என்று அச்சிட்டால் நூற்றுக்கு நூறு பேரும் 'சமய வன்மை' என்றுதான் படிப்பார்கள். சமயத்தில் பலசாலி! எங்கள் பங்குத்தந்தைக்குப் பொருந்தும்.

'எதுவுமில்லை' என்போரை ஆங்கிலத்தில் 'நன்ஸ்' என்பார்கள்; யாராவது அதையே ஒலிபெயர்த்துவிடலாம் என்பதற்கு முன் அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மன்னார்ப் பக்கம் அதைக் கன்னியர்மடக் கணக்கெடுப்பு என்று நினைப்பார்கள்.

ரீச்சர், சாதாரண சனத்திடம் சமயம் என்பது சேர்ந்திருக்கும் இடம். 'அவர்கள் வேதக்காரர்', 'நாங்கள் சைவம்' என்றுதான் பேச்சு; என்ன நம்புகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. நாட்டின் தொகைமதிப்பு அட்டவணையும் அப்படியே: பௌத்தர், இந்து, இஸ்லாமியர், உரோமன் கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர், கடைசியில் ஏனையோர். ஒன்றும் இல்லை என்பவரும் அந்தக் கடைசிப் பெட்டிக்குள்தான் போய் விழவேண்டும். ஆகவே சார்தல் என்ற வினையில் சொல்லைக் கட்டுங்கள்: சமயஞ்சாராதவர், சமயஞ்சாராமை.

மல்லாவி

முருங்கன் தம்பி சொன்னது கவனிக்கத்தக்கது. ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. சமயத்துக்கு வெளியே நிற்பவன் என்ற எண்ணமே நம் மரபில் இல்லை. மணிமேகலை வஞ்சியில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் கேட்டு வரும்போது பூதங்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற பூதவாதியையும் அதே வரிசையில் வைத்துத்தான் கேட்கிறாள். கேட்டுச் சிரிக்கிறாள் என்பது வேறு கதை. நீலகேசி பூதவாதத்துக்கு ஒரு சருக்கமே ஒதுக்குகிறது. சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை மறுக்கும் பரபக்கம் தொடங்குவதே உலோகாயதனில்தான். கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்றவனைச் சைவ சித்தாந்தம் எங்கே வைத்தது? புறப்புறச் சமயத்தில்! வீட்டுக்கு வெளியே, வேலிக்கும் வெளியே, ஆனாலும் சமயம். ஆகவே 'புறப்புறத்தார்' என்ற சொல்லைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

வவுனியா

ஐயா, உலோகாயதனிடம் அளவை (உண்மையை அறியும் வழி) இருந்தது, வாதம் இருந்தது. அதனால்தான் அவனுக்கு ஒரு சமயத்தின் மரியாதை கிடைத்தது. இன்றைய ஆய்வு தேடுவது வாதமே இல்லாதவரையும்தான். கோயிலைப் பற்றி அவருக்குக் கோபமும் இல்லை, அக்கறையும் இல்லை. அவரைப் புறப்புறத்தில் கொண்டுபோய் வைத்தால் தாம் எங்கே நிற்கிறோம் என்றே அவருக்கு விளங்காது.

நெடுங்கேணி

இவ்வளவு பேசியும் ஒருவரும் சென்னை இலௌகிக சங்கத்தை நினைக்கவில்லையே. 1878 முதல் 1888 வரை இயங்கிய சங்கம் அது. 1882இலிருந்து 'தத்துவவிவேசினி' என்று தமிழிலேயே இதழ் நடத்தினார்கள். செக்கியூலருக்கு அவர்கள் கண்ட சொல் 'இலௌகிகம்'. சுயமாகச் சிந்திப்பவருக்குச் 'சுயக்கியானி' என்று எழுதினார்கள். நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே நாணயம் அடித்துத் தந்திருக்கிறார்கள், நாம் மறுபடி உலை மூட்டுகிறோம். என் வாக்கு இலௌகிகத்துக்கு.

ஒட்டுசுட்டான்

அண்ணா, வரலாறு நல்லது. ஆனால் இன்று 'லௌகிகம்' என்றால் பிரசங்கியார் திட்டும் சொல். காணி, காசு, கலியாணம் எல்லாம் அதில் அடக்கம்.

'பகுத்தறிவாளர்' என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த ஆபிரகாம் கோவூருக்கு அது பொருந்தும். பேய், சூனியம், சாத்திரம் என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கோயிலை எட்டிப்பார்க்காத ஆட்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாவூறு கழிப்பார்கள், அரிவி வெட்டத் தொடங்குமுன் குளக்கட்டு ஐயனாருக்கு ஒரு சூடம் கொளுத்துவார்கள். ஏன் என்று கேட்டால், "அது சமயம் இல்லை, அது வயல் வேலை" என்பார்கள். அவர்களைப் பகுத்தறிவாளர் என்று எழுதினால் கோவூர் எழுந்து வந்துவிடுவார்.

கிளிநொச்சி

நேற்றுப் பிள்ளை 'சமயஞ்சாராதவர்' என்ற சொல்லோடு தருமபுரத்தில் ஒரு தாயிடம் கேட்டிருக்கிறாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "2009க்குப் பிறகு நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. கும்பிட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சைவம் என்றே எழுது பிள்ளை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதுதானே பாடம்."

அவர் சார்ந்தவரா, சாராதவரா? பிள்ளை இரண்டு பெட்டியிலும் அடையாளமிடாமல் ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

வவுனியா

அந்த ஓரக்குறிப்புத்தான் ஆய்வு. சமூகவியலாளர் கிரேஸ் டேவி 1994இல் பிரித்தானியரைப் பற்றிச் 'சேராமல் நம்புதல்' என்றார். தருமபுரத்துத் தாய் அதைத் தலைகீழாக்கி, நம்பாமல் சேர்ந்திருக்கிறார். ஒரு பெட்டியை மூன்றாகப் பிரியுங்கள்: எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர், என்ன நம்புகிறார், என்ன செய்கிறார். அப்போது வினாக்கொத்தில் கலைச்சொல்லே தேவைப்படாது. 'எந்தச் சமயத்தையும் சேரவில்லை' என்ற நேர்த் தமிழ் போதும். ஆய்வேட்டில் துறையின் பெயருக்கு மட்டும் சமயஞ்சாராமை என்று வைக்கலாம். லீயின் வரையறைக்கு அது முழுவதும் ஒத்துவராது, தெரியும்.

முருங்கன்

சம்மதம்.

ஒட்டுசுட்டான்

எனக்கும் சம்மதம். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், இனி நான் வரமாட்டேன்.

நெடுங்கேணி

பெரும்பான்மை என்றால் அப்படியே ஆகட்டும். என் கட்டுரைகளில் இலௌகிகம் என்றே எழுதுவேன்.

கிளிநொச்சி

எல்லோருக்கும் நன்றி. கேள்வியை மூன்றாகப் பிரித்துவிட்டோம். மாதிரிப் பிரதி அச்சகத்திலிருந்து வந்திருக்கிறது, படம் பிடித்து இணைத்திருக்கிறேன். தலைப்பில் 'சமயம் சாராமை' என்று பிரித்து அடித்துவிட்டார்கள். மாற்ற நேரமில்லை.

மல்லாவி

படத்தைப் பார்த்தேன், மகள். பிரித்து எழுதினால் சொல் ஆகாது, தொடர்தான் ஆகும். நன்னூல் 219ஆம் சூத்திரப்படி மகர ஈறு கெட்டு வல்லினம் மிகலாம், அல்லது மகரம் இனமெல்லெழுத்தாகத் திரியலாம். ஆகவே 'சமயச்சாராமை' அல்லது 'சமயஞ்சாராமை', இரண்டில் ஒன்று. மூன்றாவது கிடையாது. 'நெறியின்மை'யில் இந்தச் சிக்கலே வந்திராது என்பதையும் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.