மேலே 36, கீழே 43: எந்தத் துணி எடுத்தாலும் ஒரு பக்கம் இடிக்கிறது

கல்மண்டபம்பொண்ணு:

வணக்கம் தோழிகளே. ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒரு பட்டுப்புடவை, வரவேற்புக்கு லேசாக ஒன்று, மற்ற விசேஷங்களுக்கு நாலைந்து டாப்ஸ் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளுக்குப் போனேன். நாலு மணி நேரம் அந்தக் கூட்டத்தில் இடிபட்டு வீட்டுக்கு வந்தபோது கையில் இருந்தது இரண்டு லெக்கிங்ஸ் மட்டும்.

என் அளவைச் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது. அங்குலத்தில் மார்பு 36, இடுப்பு 31, சீட் (பின்பக்கச் சுற்றளவு) 43, உயரம் 5 அடி 1 அங்குலம். எம் சைஸ் எடுத்தால் தோள் கச்சிதமாக நிற்கிறது, ஆனால் உட்கார்ந்தால் டாப்ஸ் இடுப்புக்கு ஏறிக்கொள்கிறது. டபுள் எக்ஸெல் எடுத்தால் சீட்டுக்குச் சரி, தோள் கைக்கு இறங்கி அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. ஒரு கடையில் ட்ரையல் ரூமே இல்லை, சுடிதார் மேலேயே மாட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "உங்களுக்கு இதெல்லாம் வராதுக்கா, நைட்டி மாடியில இருக்கு" என்றாள். எனக்கு 29 வயசு!

வீடியோக்களில் பார்த்தால் மேலே சின்னதாக, கீழே அகலமாக இருக்கிற நான் பேரிக்காய் உருவமாம். சரி, பேரிக்காய்க்கு என்ன போடுவது என்று கேட்டால் ஸ்கர்ட், பிளேசர் என்று காட்டுகிறார்கள். ராயபுரத்தில் பிளேசர் போட்டுக்கொண்டு நான் எங்கே போவது? புடவைக்கும் டாப்ஸுக்கும் யாராவது சொல்லுங்கள். பஃப் கை எனக்கு ஒத்துவருமா? பெரிய பார்டர் பட்டு ஆசை, ஆனால் உயரம் குறைவு.

ஊசிநூல்:

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே மெஷின் போட்டு 19 வருஷமாகத் தைக்கிறேன்மா. உன் மாதிரி அளவு என் நோட்டில் பாதிக்கு மேல் இருக்கும், அதனால் நீ ஒன்றும் விசேஷப் பிறவி இல்லை, முதலில் அந்தக் கவலையை விடு.

டாப்ஸ் வாங்கும்போது தோளைப் பார்த்து வாங்கு, சீட்டைப் பார்த்து வாங்காதே. பக்கத் தையலை ஒரு மணி நேரத்தில் பிரித்து விடலாம், பிடிக்கலாம். தோள் தொங்கினால் கையைப் பிரித்து, ஆர்ம்ஹோலை வெட்டி, மறுபடி கையை ஏற்ற வேண்டும், அந்தக் கூலிக்குப் புதுசாகவே ஒன்று தைத்துவிடலாம். அப்போ சீட்டில் இடிக்குமே என்பாய். அது ஸ்லிட்டின், அதாவது பக்கவாட்டுத் திறப்பின் குற்றம். ரெடிமேடில் ஸ்லிட் ஆரம்பிக்கிற இடம் நடுத்தர உயரத்துக்கு வைத்தது. உன் உயரத்துக்கு அது இன்னும் கீழே, சீட்டின் அகலமான இடத்தையும் தாண்டி இறங்கிவிடும். அங்கே துணி இழுபட்டு முன்பக்கம் குறுக்கே கோடு கோடாக விழும், பார்த்திருப்பாய். இரண்டு அங்குலம் மேலே பிரித்து, உள்ளே மடித்து, முனையில் நாலு தடவை ரிவர்ஸ் தையல் போட்டால் தீர்ந்தது. இடுப்பெலும்புக்கு மேலே மட்டும் போக வேண்டாம், கை தூக்கினால் உடம்பு தெரியும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கீழே விழுந்த சாவியை எடுக்கிற மாதிரி குனிந்து நிமிரு. நீ கையால் இழுத்துவிடாமல் டாப்ஸ் தானாக இறங்க வேண்டும்.

நேர் வெட்டு டாப்ஸை விடக் கீழே விரிந்து போகிற ஏ-லைன் உனக்கு நிம்மதி. அனார்கலி எடுத்தால் சுருக்கம் மார்புக்குக் கீழேயே ஆரம்பிக்கிறதா என்று பார், இடுப்புக்குக் கீழே ஜாயிண்ட் போட்டதைத் தொடாதே, இருக்கிற அகலத்துக்கு மேல் கொசுறு கொடுக்கும். நீளம் தொடையில் வந்து நிற்கக் கூடாது, முட்டிக்குச் சற்றுக் கீழே வரட்டும். பஃப் கை தாராளமாகப் போடு, போட் நெக்கும் போடு, இரண்டுமே தோளை அகலமாகக் காட்டும், மேலும் கீழும் சமமாகத் தெரியும். லெக்கிங்ஸுக்குப் பதில் ஸ்ட்ரெய்ட் பேன்ட்.

வரவேற்புக்கு ஜார்ஜெட், கிரேப், சாஃப்ட் சில்க் இதில் ஏதாவது ஒன்று. ஆர்கன்சா பக்கம் போகாதே. பொம்மைக்குக் கட்டியிருக்கும்போது அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது உடம்போடு படியாமல் விறைத்து நிற்கும், 43 அங்குலம் 47 ஆகத் தெரியும்.

ரெண்டுபிள்ளைக்காரி:

ஊசிநூல் அக்கா சொன்ன போட் நெக், பஃப் கை இரண்டும் எல்லாருக்கும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நேர்மாறான உடம்பு, மார்பு பெருசு, தோள் அகலம், இரண்டு சிசேரியனுக்கு அப்புறம் வயிறும் சேர்ந்துகொண்டது. கீழே மட்டும் குச்சிக் கால். போட் நெக் போட்டால் கபடி டீமில் சேரலாம். வி கழுத்தோ கொஞ்சம் இறக்கமான யு கழுத்தோதான் எனக்கு. இன்னொன்று, கை எங்கே முடிகிறது என்று பாருங்கள். மார்புக்கு நேரே முடிந்தால் கையும் மார்பும் ஒரே அகலமாகச் சேர்ந்து தெரியும், அதனால் நான் முழங்கைக்கு இறக்கிவிடுவேன். ஜாக்கெட் பிரின்சஸ் கட், மார்பு மேலாக நீளவாக்கில் தையல் இறங்குகிற வெட்டு.

ஜாக்கெட் என்றதும் வயிற்றெரிச்சல். கொழுந்தனார் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த இடத்தில் லைனிங் துணியை நனைக்காமலே தைத்துவிட்டார்கள். கல்யாணத்தன்று சரியாகத்தான் இருந்தது. ஒரு தண்ணி பட்டதும் லைனிங் சுருங்கி மேல்துணி அங்கங்கே உப்பிக்கொண்டு, ஊக்கும் எட்டவில்லை, பிரிக்கலாம் என்று பார்த்தால் உள்ளே அரை அங்குலம்கூட விடவில்லை. 1,100 ரூபாய் கூலி. அதிலிருந்து லைனிங்கை நானே ஒரு ராத்திரி ஊறவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டுத்தான் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே விடச் சொல்லி அளவு ஜாக்கெட்டிலேயே சீட்டு எழுதிக் குத்திவிடுவேன்.

வயிறு இருக்கிறவர்களுக்கு: பாவாடை நாடா முடிச்சை முன்னால் போடாதீர்கள், பக்கத்தில் போடுங்கள். கொசுவத்துக்கு அடியில் அந்த முடிச்சு ஒரு எலுமிச்சம்பழம் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். உடம்பைப் பிடிக்கிற ஷேப்வேர் பாவாடை வரவேற்புக்கு, ஏசி ஹாலுக்குச் சரி. ஒரு மே மாதம் ஏசி இல்லாத மண்டபத்தில் அதைக் கட்டிக்கொண்டு காலை நாலரை மணிக்கே நின்றேன், தொடை இரண்டும் வெந்துபோய்விட்டது.

ஒட்டடைக்குச்சி:

என்னை மாதிரி ஆட்களும் இருக்கிறோம். 5 அடி 9, எங்கே அளந்தாலும் ஒரே அளவு. "உனக்கென்ன, எதைப் போட்டாலும் நல்லாருக்கும்" என்பார்கள். திருவொற்றியூர் கோயிலுக்கு ஷிஃபான் கட்டிக்கொண்டு போனால் கொடிக்கம்பத்தில் சுற்றின மாதிரி இருக்கிறது. ஊசிநூல் வேண்டாம் என்ற ஆர்கன்சாவும், கஞ்சி போட்ட காட்டனும்தான் எனக்கு உடம்பு கொடுக்கிறது. புடவையின் நீளத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், அஞ்சரை மீட்டர், ஆறேகால் மீட்டர் என்று. எனக்கு அகலம்தான் பிரச்சினை. 44, 45 அங்குலம் என்றால் செருகினதும் கணுக்கால் தெரியும். கடையில் டேப் கேட்டு 48 இருக்கிறதா என்று அளந்து வாங்குகிறேன், சிரித்தால் சிரிக்கட்டும்.

பெரம்பூர்வாசி:

எல்லாம் சரி, ஆனால் ஏன் எதையாவது மறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்? எங்கள் அம்மா எண்பது கிலோ, ஆரஞ்சு கலரில் பெரிய பூப்போட்ட பூனம் புடவை கட்டிக்கொண்டு மார்க்கெட் போய்வருவார், அவ்வளவு கம்பீரம். 29 வயசுப் பெண்ணை இன்ச் டேப்பை வைத்துப் பயமுறுத்தாதீர்கள்.

ஊசிநூல்:

மறைக்கச் சொல்லவில்லைமா. துணி அவளை இழுத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்கிறேன். உங்கள் அம்மா புடவையைக் கட்டினதும் மறந்துவிடுகிறார், அதனால்தான் கம்பீரம். டாப்ஸைக் கீழே இழுத்து இழுத்து விடுகிறவளுக்கு அது வராது. ஆரஞ்சும் பூவும் அவள் இஷ்டம், நான் எங்கே வேண்டாம் என்றேன்.

கல்மண்டபம்பொண்ணு:

ஊசிநூல் அக்கா, நேற்று ராத்திரியே ஒரு பழைய எம் சைஸ் டாப்ஸில் ஸ்லிட்டை நானே பிரித்தேன். கைத்தையல்தான், கோணல்மாணல். ஆனால் குனிந்து சாவியை எடுத்தேன், இறங்கிவிட்டது! அந்த நைட்டிக்காரியிடம் போய்க் காட்ட வேண்டும் போல இருக்கிறது. பட்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், பெரிய பார்டர் வாங்கலாமா கூடாதா?

ஊசிநூல்:

வாங்கு, தம்பி கல்யாணம் திரும்ப வருமா. ஆனால் பத்து அங்குல பார்டர் உன் உயரத்தில் கெண்டைக்கால் வரை ஏறி ஆளை இரண்டாக வெட்டிக் காட்டும். நாலைந்து அங்குலத்தில், புடவைக் கலரிலேயே வருகிற பார்டர் என்றால் கண்ணுக்கு வெட்டாது. இரண்டு பக்கமும் சம பார்டர் வேண்டாம், மேல்பக்கம் சின்னதாக இருக்கட்டும். பாவாடை ரெடிமேடில் இடுப்பு முழுக்கச் சுருக்கம் வைத்தது வேண்டாம், ஆறு துண்டு வெட்டித் தைத்தது கேள், இடுப்பில் துணி மண்டாது. புதுப் பட்டு சொன்னபடி கேட்காது, முதல் நாள் ராத்திரியே கொசுவம் மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி வைத்துவிடு.

அப்புறம், பாவாடைக்கு யாரிடம் அளவு கொடுத்தாலும் கல்யாணத்துக்குப் போடப்போகிற செருப்பைக் கையோடு எடுத்துப் போ. வெறுங்காலில் அளவு கொடுத்துவிட்டு, அப்புறம் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு பாவாடை குட்டை என்று தைத்தவளைத் திட்டுகிறவர்கள் நிறைய.